மட்டக்களப்பில் உடன்படிக்கை ஞாயிறு

ஜனவரி 3, வெள்ளி – மழைக்குள் இறங்கினேன்

கொழும்பில் வெயில், பொலன்னறுவையில் மூட்டம், வெலிக்கந்தை தாண்டியதும் அடைமழை. ரயில் காட்டுக்குள் நின்றது, நின்றபடியே இருந்தது. தண்டவாளத்தில் யானை என்றார் ஒருவர். யானையெல்லாம் இல்லை, தண்ணீர் என்றார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் ஆதாரம் கிடையாது, ஆனாலும் சளைக்காமல் வாதாடினார்கள். எதிர் இருக்கையில் ஓட்டமாவடிக்குப் போகிற ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அம்மா பையிலிருந்து ரோல்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கமும் நீட்டினார். வேண்டாம் என்றேன். "இப்ப வேணாமெண்டா மறுகா பசிக்கும், எடுங்க" என்று கையில் வைத்தார். பசித்தது. மட்டக்களப்பில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

தங்குமிடத்தில் கட்டிலுக்கு நேர்மேலே கூரை ஒழுகியது. பையன் ஒரு வாளியைக் கொண்டுவந்து மெத்தைமேல் வைத்துவிட்டு, காரியம் முடிந்த மாதிரி சிரித்தான். வேறு அறை கேட்டேன். அதில் ஒழுகவில்லை, மின்விசிறியும் சுற்றவில்லை. இரவுக்கு 4,000 ரூபாய். இலங்கை ரூபாய், இந்தியக் கணக்கில் 1,200க்குள் வரும். சாப்பாடு மட்டும் குறை வைக்கவில்லை. பக்கத்துக் கடையில் சிவப்பரிசி மாப் பிட்டு, இறால் கறி, கடைசியில் சிறு சட்டியில் எருமைத் தயிர். கரண்டியைக் குத்தினால் நிற்கும், அவ்வளவு கெட்டி. மேலே ஊற்றப் பாணி, அதாவது இனிப்புப் பாகு, தந்தார்கள். எல்லாம் சேர்த்து 750.

ஏன் இந்த மழைக்காலத்தில் இங்கே என்று கடைக்காரர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்காக என்றேன். மெதடிஸ்தர் என்கிற புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் சபைகளில் ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடக்கும்; கடவுளிடம் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கும் ஆராதனை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கி வைத்த வழக்கம். எங்கள் வீட்டில் பாட்டி தலைமுறை வரை அதைப் பற்றிப் பேசுவார்கள். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனாக இருந்தது 1947இல் பல சபைகள் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்துவிட்டது. நான் வளர்ந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் பிறகு. இலங்கையில் அப்படியொரு ஐக்கியம் பேச்சோடு நின்றுபோனது. 1964இல் இங்கிலாந்தின் பிடியிலிருந்து தனித்து வந்தார்கள், இன்னும் மெதடிஸ்தராகவே இருக்கிறார்கள். அந்த ஆராதனையை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாடும் மீனுக்கு வரல்லியா?" என்றார். இந்த வாவியில் இரவில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு.

ஜனவரி 4, சனி – புளியந்தீவு

காலையில் தூறல்தான். குடையை மடக்கிக்கொண்டு புளியந்தீவைச் சுற்றினேன். வாவி நடுவே சின்னத் தீவு; கோட்டை, பள்ளிகள், கோயில்கள், ஆலயங்கள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய இடம் என்று ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஓல்டின் கதை சின்னது. 1813 கடைசியில் தாமஸ் கோக் என்ற வயதான போதகர் தலைமையில் ஒரு குழு இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. ஆசியாவுக்கு வெஸ்லியன்கள் அனுப்பிய முதல் குழு. கோக் வழியிலேயே, 1814 மே 3ஆம் தேதி, கப்பல் அறையில் இறந்து கிடந்தார். உடலை இந்துமாக்கடலில் இறக்கினார்கள். ஓல்டின் மனைவியும் அந்தப் பயணத்திலேயே இறந்துபோனார். தலைவரும் இல்லை, கையில் போதிய பணமும் இல்லை என்ற நிலையில் மற்றவர்கள் ஜூன் கடைசியில் காலிப் பக்கம் கரையேறி, கூடிப் பேசி ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், கிளஃப் காலி, எர்ஸ்கின் மாத்தறை, ஓல்ட் மட்டும் தனியாக மட்டக்களப்பு. வந்த இடத்தில் பள்ளிகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் தேதி காய்ச்சலில் போய்விட்டார். இந்த ஊரில் அவர் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத்தான் தன் பிறந்த ஆண்டாகப் போட்டுக்கொள்கிறது. அதற்குப் பக்கத்தில் 1820இல் தொடங்கிய வின்சென்ட் மகளிர் பள்ளி.

கல்லூரி மதிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் பேச்சுக் கொடுத்தார். வெள்ளை வேட்டி, கையில் நீளக் குடை. "எங்கட பள்ளிக்கூடம்தான். இப்ப அரசாங்கத்துக்குச் சொந்தம்" என்றார். 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது மிஷன் பள்ளிகளும் போயின. கத்தோலிக்கர்கள் பள்ளிகளுக்குள் படுத்துக் கிடந்து போராடினார்கள். மெதடிஸ்தர்கள் பெரும்பாலும் கொடுத்துவிட்டார்கள். வருத்தமில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எங்கட அப்பாவுக்கு இருந்துது. அவர் சம்பளம் வாங்கினது மிஷன்கிட்ட" என்றார். பிறகு, "வாங்க மகள், ஆலயத்துப் பின்னால வேலை நடக்குது, தேத்தண்ணி குடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

தேநீர் வருவதற்குள் எனக்கு வேலை வந்துவிட்டது. மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பொதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி ஐந்து கிலோ, பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம், பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள். கார்த்திகை மாத வெள்ளத்தில் வயல் போன குடும்பங்களுக்கு. என்னைச் சீனி நிறுக்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்து, "கூடுது, கூடுது" என்று ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி திரும்ப எடுத்தார். பால்மா, அதாவது பால் பவுடர், வைக்கலாமா வேண்டாமா என்று பெரிய விவாதம். 400 கிராம் பாக்கெட் ஆயிரத்தைத் தாண்டுகிறது. தேங்காய் ஒன்று 200 ரூபாய் விற்கும் ஊரில் ஆளுக்கு இரண்டு தேங்காய் போடலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் பால்மா என்று முடிவு. எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது ஒரு அக்காவின் கொப்பியில் இருந்தது. வீட்டுத் தலைவர் பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை, நோயாளி யார், கடைசியாக எப்போது போய்ப் பார்த்தது, எல்லாம் பென்சிலில்.

எனக்கு வெஸ்லி காலத்தில், 1742இல், பிரிஸ்டல் மெதடிஸ்தர்களிடம் நடந்தது ஞாபகம் வந்தது. ஆலயம் கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலிக்க வேண்டும். போனவர்கள் பணத்தைவிட அந்த வீடுகளின் கஷ்டங்களைத்தான் அதிகம் கொண்டுவந்தார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்த வகுப்புகள், அதாவது ஒருவர் பொறுப்பில் இயங்கும் சிறு குழுக்கள், பிறந்தது அப்படி. கடன் வசூலில் பிறந்த பக்தி இயக்கம் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் கொஞ்சம் மரியாதையோடு.

இரவு மழை விட்டிருந்தது. கல்லடிப் பாலம் வரை நடந்தேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில். பாடும் மீன் கேட்கச் சித்திரைக்குப் பிறகு, நிலாக் காலத்தில் வர வேண்டும் என்று ஊரே சொல்கிறது. ஆனாலும் ஒரு ஆட்டோ தம்பி, 1,500 ரூபாய் தந்தால் தோணிக்கு ஆள் பிடித்துத் தருவதாகவும் இன்றே மீன் பாடும் என்றும் உறுதி சொன்னார். இந்த வெள்ளத்தில் என்ன ராகத்தில் பாடும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அறுபது ரூபாய்க் கச்சான் பொட்டலம் ஒன்றைக் காட்டி இதையாவது வாங்குங்க என்றார். வாங்கினேன்.

ஜனவரி 5, ஞாயிறு – ஆராதனையும் படுவான்கரையும்

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இரண்டு இளைஞர்கள், ரொம்பத் தயங்கித் தயங்கி, "மன்னிக்கணும் அக்கா" என்று. இதே ஊரின் சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறு பிள்ளைகள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பையை மூடி என் கையில் கொடுத்து, உள்ளே இடம் காட்டினார்கள்.

உள்ளே நல்ல கூட்டம். பெண்கள் பெரும்பாலும் சேலையில், கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுச்சேலைகளாக இருக்க வேண்டும். கீபோர்டும் தபேலாவும். ஆங்கில மெட்டில் பாடும் பாமாலையும் வந்தது, நம் மெட்டில் கீர்த்தனையும் வந்தது. வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் ஆறாயிரத்துக்கு மேல் பாட்டெழுதியவர். அந்த ஆங்கில மெட்டுகளைத் தமிழில் பாடும்போது சொற்கள் மூச்சுவாங்கும். கீர்த்தனைக்கு வந்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது, தபேலாக்காரரும்தான்.

உடன்படிக்கை பகுதி பிரசங்கத்துக்குப் பிறகு. போதகர் வாசிக்கிறார், சபை பதில் சொல்கிறது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஜெபம். இனி நான் எனக்குச் சொந்தமில்லை, உமக்கே சொந்தம். உமக்கு இஷ்டமான இடத்தில் என்னை வையும், இஷ்டமானவர்களோடு சேர்த்து வையும். வேலையில் அமர்த்தினாலும் சரி, ஓரமாக ஒதுக்கினாலும் சரி. நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி. இந்தப் பொருளில் போகிறது. நம் ஜெபங்கள் பொதுவாகக் கொடும், தாரும் என்றே போகும். இதில் கேட்பது எதுவும் இல்லை. "ஒதுக்கினாலும் சரி" என்ற இடம் வந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த நேற்றைய ஆசிரியரின் குரல் மற்றவர்களைவிட ஒரு நொடி பிந்தியது. கண்ணாடி போடாமல் வந்துவிட்டாராம், பிறகு சொன்னார். நான் வேறு ஏதேதோ நினைத்துவிட்டிருந்தேன்.

அப்புறம் திருவிருந்து. கம்பித் தடுப்பருகே வரிசையாக முழங்கால் போட்டு, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குவளையில் மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு. மதுவிலக்குக்காக அந்தக் காலத்தில் மெதடிஸ்தர்கள் பிடித்த பிடிவாதம், இன்னும் அதே சாறு.

வெளியே வந்தால் தேநீர், கட்லட், சதுரம் சதுரமாகக் காகிதத்தில் சுற்றிய கிறிஸ்மஸ் கேக். ரவையும் கஜுவும் பூசணிப் பாகும் போட்ட இலங்கைக் கேக். ஒன்றுக்கு மேல் தாங்காது. மூன்று கிடைத்தது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்களுடையதைத் தின்றுபார்க்கச் சொல்லி.

பிற்பகல் பொதிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனோம். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற கரை, படுவான்கரை. பாதை பல இடங்களில் பாதையாக இல்லை. ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்க, சீனிப் பை ஒன்று சரிந்து என் மடியில் கிழிந்தது. நேற்று நிறுத்தது நீங்கதானே, நல்லாய் அனுபவியுங்க என்றார் அந்தக் "கூடுது" அக்கா.

பொதி கொடுத்த இடம் ஒரு கண்ணகை அம்மன் கோயிலின் அறநெறி மண்டபம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வாசலில் நின்று வரவேற்றார், கூடவே நேராகக் கேட்டார்: "புத்தகம், பிரசுரம் ஏதும் இருக்கா?" சபைப் பெரியவர், "இல்ல. பாக்கணுமெண்டா பெட்டியப் பாருங்க" என்றார். வண்ணக்கர் உண்மையிலேயே பார்த்தார். ஒரு பொதியைப் பிரித்து, கொப்பியின் பின் அட்டை வரை புரட்டினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு அவரே நின்று பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார், ஒரு பெயர்கூடத் தவறவில்லை.

மதமாற்றம் பற்றிய சந்தேகம் இந்தக் கரையில் பழசு, அதற்குக் காரணங்களும் உண்டு. பொதியைக் கொடுத்துக் கூட்டத்துக்குக் கூப்பிடும் குழுக்களை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் வண்ணக்கர் கேட்டது சரி, பெட்டியைக் காட்டியதும் சரி என்பது என் எண்ணம். நல்லெண்ணத்தை நம்பச் சொல்வதைவிட சோதிக்கவிடுவது மேல். திரும்பும்போது பெரியவரிடம், அப்படியானால் உங்கள் மிஷன் வேலை என்ன என்று கேட்டேன். "வயல் போன சனத்துக்கு விதைநெல் எடுக்கணும். அடுத்த போகத்துக்குள்ள" என்றார். நான் கேட்டது வேறு. அவருக்கு அதுவே பதிலாக இருந்தது.

ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "இந்தியாவில இருந்தா? அங்க தேங்கா என்ன வில?" என்று கேட்டார். நாற்பது ஐம்பது என்றேன். உங்கள் ரூபாய்க்கு மாற்றினால் அவ்வளவு வித்தியாசமில்லை என்று விளக்க முயன்றேன். அவர் கேட்பதாக இல்லை. நாற்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

ஜனவரி 6, திங்கள்

முழுநாளும் பஸ். எழுத ஒன்றுமில்லை. வவுனியாவில் ஒரு பிளேன்டீ 50 ரூபாய், சீனி கையில் தந்து நக்கிக்கொண்டே குடிக்கச் சொன்னார்கள். இரவு யாழ்ப்பாணம். முதுகு எனக்குச் சொந்தமில்லை.

ஜனவரி 7, செவ்வாய் – யாழ்ப்பாணம், பருத்தித்துறை

வடக்கில் வானம் வெளுத்துவிட்டது. காலை இடியப்பம், சொதி, சம்பல், 300 ரூபாய். "இன்னும் ரெண்டு வையுங்கோ, இளைச்சுப்போனியள்" என்று கடை அம்மா. என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

யாழ் மத்திய கல்லூரி லிஞ்ச் காலத்தில் 1816இல் தொடங்கியது. பக்கத்தில் 1834இன் வேம்படி மகளிர் பள்ளி. லிஞ்ச் 1817இல் இங்கிருந்துதான் சென்னைக்குப் போனார். ராயப்பேட்டை கதை அங்கே ஆரம்பம். மிஷன் இங்கிலாந்திலிருந்து நேரே சென்னைக்கு வந்ததாக நினைப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். வந்தது யாழ்ப்பாணம் வழியாக.

ஆனால் இந்தக் கல்லூரியில் என்னை இழுத்தது வேறு ஆள். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவல் தலைமையாசிரியராக இருந்தபோது இங்கே படித்து, இங்கேயே கற்பித்து, அவரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கிக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். அச்சிடுவதற்காக 1848இல் இருவரும் சென்னை வரை போனார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தன் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். வாரம் தவறாமல் பிரசங்கம், அச்சு இயந்திரம், பாடப்புத்தகம், ஊருக்கொரு பள்ளி: மெதடிஸ்தரிடம் பார்த்த அத்தனையையும் எடுத்து அவர்களுக்கு எதிராகவே நிறுத்தினார். மிஷன் இந்த மண்ணில் உருவாக்கிய மிகத் திறமையான மாணவர் அவர்தான் என்பேன், மிஷன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். பேர்சிவலும் பிறகு மெதடிஸ்தராக நீடிக்கவில்லை, ஆங்கிலிக்கன் பக்கம் போய்விட்டார்.

இந்த ஊரிலிருந்து போன இன்னொருவர் டி. டி. நைல்ஸ். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பிரசங்கித்த யாழ்ப்பாணத்துப் போதகர். எங்கே ரொட்டி கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதுதான் சுவிசேஷ ஊழியம் என்று சொன்னவர். வண்ணக்கர் அதைக் கேட்டிருந்தால், ரொட்டிக்குள் பிரசுரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

மாலை பருத்தித்துறை. கடற்காற்று, உப்பு, ஹாட்லி கல்லூரி. 1838இல் பேர்சிவல் காலத்தில் தொடங்கிய பள்ளி. கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் படித்த கணிதவியலாளர் எலியேசர் இங்கே படித்தவர். சந்தைப் பக்கம் தட்டை வடை பாக்கெட் 150 ரூபாய். கடித்தால் பல்லுக்குப் பரீட்சை.

மட்டக்களப்பு ஆசிரியர் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்ததால் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். ஒன்பது பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், என்னையும் ஒரு ஆட்டோக்காரத் தம்பியையும் தவிர. மேசைமேல் சாய்த்து வைத்த கைபேசியில் டொரொன்டோவிலிருந்து ஒரு மகள், லண்டனிலிருந்து ஒரு மருமகன். அங்கே காலை, இங்கே பின்னேரம். வெள்ள நிவாரணத்துக்கு அந்தப் பிள்ளைகள் அனுப்பிய தொகையை வீட்டுக்கார அம்மா வாசித்தார். ஒரு காலத்தில் லண்டனிலிருந்து வெஸ்லியன் மிஷன் சங்கத்துக் கணக்கில் வந்த பணம் இப்போது இந்த ஊர்ப் பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து வருகிறது.

கடைசியில் பிரசங்கத் திட்டம். வரும் மூன்று மாதம் எந்த ஆலயத்தில் எந்த ஞாயிறு யார் பேசுவது என்ற அட்டவணை. போதகர் ஒருவர், ஆலயங்கள் பல, மற்ற இடங்களுக்குச் சபையாரே போக வேண்டும். கடலோரத்துச் சிறு ஆலயம் ஒன்றுக்கு மாசிமாதம் காலை ஆறரை மணிக்கு ஆள் இல்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பேரப்பிள்ளையின் பூப்புனித விழா, ஒருவர் ஜெபம் முடியுமுன்பே செருப்பைத் தேடினார். ஆட்டோக்காரத் தம்பி, "நான் போறன், ஆனா பிரசங்கம் அஞ்சு நிமிஷம்தான் வரும்" என்றார். "அது போதும் தம்பி, அங்க அதுக்குமேல ஒருத்தரும் கேளாயினம்" என்று அம்மா அட்டவணையில் அவர் பெயரை எழுதினார். டொரொன்டோ மகள் கைதட்டினாள். என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு ஆட்டோவுக்குக் காசு வாங்க மறுத்தவர், அந்த ஐந்து நிமிஷத்துக்கு என்ன பேசலாம் என்று வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். நாவலர் கதையைச் சொல்லுங்கள் என்றேன். "ஐயோ அக்கா, அதுக்கு அரை மணித்தியாலம் வேணும்" என்றார்.